மாமாகிட்ட பாட்டு கேட்ட கோயில்

சிரிக்க வைக்கிறேன்னு சொன்னேன்ல? வைக்கிறேன். ஆனா இப்ப இல்ல. இப்பவே சிரிச்சா தூக்கம் ஓடிப்போயிடும். சிரிப்பைக் கதையோட வால்ல முடிஞ்சு வச்சிருக்கேன். 'ம்' கொட்டிக்கிட்டே வா, கெடைக்கும்.

ஒரு ஊர்ல ஒரு மாமா. திருநெல்வேலிக்காரர், கோமதிநாயகம்னு பேரு. குரல் இருக்கே, தரையில அம்மியை இழுத்த மாதிரி, கர்ர்ர்ர்! ஒருநாள் அவர் ஒரு போட்டோ பார்த்தாரு. கம்போடியாவுல, நடுக்காட்டுல, இடிஞ்சு கெடக்குற பழைய கோயில். உள்ள ஒரு லிங்கம். பூ இல்ல, திருநீறு இல்ல.

"எத்தன காலமா இப்படி வெறும் நெத்தியோட நிக்காரு!"ன்னாரு மாமா. அன்னைக்கிருந்து சோறு எறங்கல. நெல்லையப்பர் திருநீறை ஒரு பொட்டலம் கட்டி மடியில முடிஞ்சுக்கிட்டாரு. தங்கச்சி மக வடிவையும் கூட்டிக்கிட்டு ஏறிட்டாரு பிளேன்.

ம்?

வடிவுக்குப் பதினஞ்சு வயசு. யார் குரலையும் செஞ்சு காட்டுற குறும்புக்காரி: பல்லி மாதிரி கத்துவா, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி செருமுவா. செம்மண் ரோட்டுல வேன் தடக்கு தடக்குன்னு போறப்போ டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை புடிச்சுக்கிட்டா. அந்த ஊர்ல ஆம்பளைங்க 'சரி'ங்கறதுக்கு 'பாட்'னு சொல்லுவாங்களாம். பொம்பளைங்க? அவங்களுக்கு வேற வார்த்தை. அது என்னன்னா... ம்ஹூம், இப்ப சொல்ல மாட்டேன். சிரிப்பு அதுக்குள்ளதான் படுத்திருக்கு.

அப்புறம் வந்துச்சு மொத வாசல். கல்லுல ஏழு தலைப் பாம்பு, புஸ்ஸுன்னு. பக்கத்துல ஒரு காவல்காரர். மாமா கைகூப்பி, "ஐயா, உள்ள போலாமா?"ன்னு சைகை காட்டுனாரு.

"பாட்"ன்னாரு அவரு.

"என்னட்டி சொல்லுதாரு?"

"பாடச் சொல்றாரு மாமா. பாடுனாத்தான் உள்ள விடுவாங்களாம்!"

மாமாவுக்கு முகமெல்லாம் பல்லு. "ஆஆஆ... தனனனா..." மரத்துல இருந்த கிளியெல்லாம் கீச் கீச்னு பறந்துருச்சு. காவல்காரர் பயந்துபோய், "பாட், பாட்!"னு தலையாட்டுனாரு.

"இன்னும் கேக்காருட்டி!" இன்னொண்ணு பாடுனாரு.

அப்புறம் ரெண்டாவது வாசல். சுவரைக் கவ்விக்கிட்டு யானைத்துதிக்கை மாதிரி மரவேரு. அங்க ஒரு கிழவர். "போலாமா?" "பாட்." ஆஆஆஆ! உள்ளேருந்து வவ்வால் படபடபடன்னு கெளம்பி மாமா தலைமேல போச்சு. கிழவர் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுக்கிட்டு, "பாட், பாட், பாட்!"

இன்னும் மூணு பாட்டு. மூணாவதுல தொண்டையில கிர்ர்ர்... புஸ். காத்துதான் வந்துச்சு.

ம் சொல்லு, தூங்கிடாதே. இதோ மூணாவது வாசல். அதைத் தாண்டுனா லிங்கம். மாமா பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. "ஏட்டி, சத்தமே வரலையே. இம்புட்டுத் தூரம் வந்து விடாமப் போயிருவாகளோ?" கண்ணு கலங்குது. வடிவுக்குத் திக்குன்னுச்சு. உண்மையச் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தா...

அந்த வாசல்ல நின்னது ஒரு அம்மா. மாமா கை காட்டுனாரு: "போ... லாமா?"

அந்தம்மா சொல்லுச்சு:

"சா!"

"ஐயையோ! பாடாட்டா சாவணுமா!" மாமா ரெண்டு அடி பின்னால துள்ளுனாரு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "சா, சா"ன்னு கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருச்சு. இருட்டு. குளுகுளுன்னு கல்லு. அங்க லிங்கம். சாகிறதுக்குள்ள வச்சிருவோம்னு மாமா பொட்டலத்தைப் பிரிச்சு, மூணு வெரலால இழுத்தாரு பட்டை. நெத்தி நெறஞ்சுருச்சு.

அப்புறம் பார்த்தா, உயிர் இருக்கு! மெதுவா சைகை காட்டுனாரு: "கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

"சா."

"ஒரு போட்டோ?"

"சா, சா."

மாமா அந்தம்மாவைப் பார்த்தாரு. வந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாரு. தூண் பின்னால வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருளுற வடிவைப் பார்த்தாரு.

"ஏட்டி வடிவு... அப்ப 'பாட்'னா, 'சரி, போங்க'ன்னா அர்த்தம்?"

வடிவு கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா:

"சா, மாமா!"

அம்புட்டுத்தான். மாமா பாடி முடிச்சாச்சு, நீ கண்ணை மூடு. மூடிட்டியா?

...ம்.