புலி ஏன் மதியத்தில் முதுகைக் காட்டுகிறது

மிருகங்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வேடிக்கை பார்க்கக் கிளம்பியவையும் அவைதான். மனிதன் இருந்த இடத்தில் இருப்பான். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகலாம். கல் எறியக் கூடாது, உறுமக் கூடாது, அன்று மட்டும் யாரையும் தின்னக் கூடாது என்று மூன்றே விதிகள். மூன்றாவதுதான் கொஞ்சம் சிரமம்.

கொடுவரி என்ற தாய்ப்புலிக்குத் தன் ஏற்பாடுகளில் அபார நம்பிக்கை. அவளுடைய குட்டி பொட்டு, மனிதன் இரண்டு காலில் நிற்பான் என்று சொல்லப்போய், சிறுத்தைக் குட்டியிடம் புளுகுணி என்று பெயர் வாங்கியிருந்தது. மனிதனை நேரில் பார்த்து வந்து, அதே மாதிரி செய்து காட்டினால்தான் அந்தப் பெயர் போகும்.

விடியும் முன்பே கிளம்பினார்கள். ஊர் எல்லையில் ஆட்டுப்பட்டியைக் கண்டதும் கொடுவரியின் கணவன் நின்றுவிட்டான்.

"ஒவ்வொரு ஆடாவா பார்ப்பீங்க?" என்றாள் கொடுவரி.

"வந்தது வந்தோம், முழுசாப் பார்த்துட்டுப் போவோமே."

கோழிக்கூட்டின் முன் கொடுவரியே சற்று அதிகம் நின்றாள். "மனுஷன் எங்கே ஓடிடப் போறான், விடு" என்று குட்டிக்குச் சமாதானம் சொன்னாள்.

அவன் ஓடவில்லைதான். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தபோது, பேச்சிமுத்து என்ற அந்த மனிதன் சாப்பாட்டை முடித்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

"அம்மா, நிக்கலியே?"

"நிப்பான், பொறு."

"உசிரோட இருக்கானா?"

பேச்சிமுத்துவின் மனைவிக்கே மனம் கேட்கவில்லை. "ஏங்க, உங்களைப் பார்க்கன்னே புலிக்குட்டி வந்திருக்கு. ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்களேன்."

"காலையில வரணும்னு தெரியாதா அதுகளுக்கு? சாயங்காலமா வரச் சொல்லு."

சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டினான். அந்த முதுகையும் சாவகாசமாகச் சொறிந்துகொண்டான்.

"ஒரே ஒரு உறுமல்," என்றான் கணவன். "எப்படித் துள்ளி நிக்கிறான்னு பாரு."

"விதின்னா விதிதான்."

சாயங்காலம்வரை கணவனிடம் மூன்றாவது விதி தாங்காது என்பதும் கொடுவரிக்குத் தெரியும். கண் கலங்கி நின்ற குட்டியை நக்கிவிட்டுச் சொன்னாள்: "கண்டதை நல்லாப் பார்த்துக்கோ. அதையே செஞ்சு காட்டு."

திரும்பியபோது காட்டு முகப்பிலேயே சிறுத்தைக் குட்டி காத்திருந்தது. "என்ன புளுகுணி, ரெண்டு காலில் நின்னானா?"

பொட்டு நேரே அதன் முன்னால் போனது. பொத்தென்று படுத்தது. கண்ணை மூடியது. பார்க்க வந்தவருக்கு முதுகு தெரியும்படி நிதானமாகப் புரண்டு, ஒரு சொறி சொறிந்தது.

சிறுத்தைக் குட்டி வெகுநேரம் பார்த்தது. "இதை யாராலும் கற்பனை பண்ண முடியாதுடா," என்றது. "நீ நிஜமாவே பார்த்திருக்கே."

மறுநாளே காட்டுப் புலிகளெல்லாம் வந்து அதைக் கற்றுக்கொண்டு போயின. இன்று மிருகக்காட்சிசாலையில் மற்றதையெல்லாம் பார்த்து முடித்து, மதியம் புலிக்கூண்டின் முன் வந்து குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுகிற குடும்பங்களுக்குப் புலி முதுகைக் காட்டிப் படுப்பது அன்று தொடங்கியதுதான். தூங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். மனிதன் எப்படி இருப்பான் என்று அது காட்டிக்கொண்டிருக்கிறது.