சம்படம் வெறுமையாக வந்தது

“நாற்பது பக்கம் அவ மனசைத் திறந்து காட்டியிருக்கேன். அப்புறமும் ‘உங்க கதாநாயகி மரப்பாச்சி மாதிரி இருக்கா, ஆழமே இல்லை’ன்னு ஒரு பத்திரிகைக்காரர் சொல்லலாமா? இனி நான் என்ன, கடப்பாரையா எடுத்துக்கிட்டு வரணும்?”

சிங்காரவேலு கத்தினார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. எதிரே பெர்பெத்துவா டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிங்காரவேலுவைவிட வயதில் ரொம்பச் சின்னவர்; தொடர்கதை எழுதிப் பெயர் வாங்கியவர். கதை எழுத இவரிடம்தான் சிங்காரவேலு பாடம் கேட்கிறார்.

“கத்தாதீங்க சார். வேற என்ன சொன்னாரு?”

“சனிக்கிழமைக்குள்ள திருத்திக் குடுத்தா தீபாவளி மலர்ல போடுவாராம். இல்லேன்னா இல்லையாம். தெருப்பூரா சொல்லித் தொலைச்சிட்டேன் டீச்சர். மச்சான் வேற இப்பவே சிரிக்கிறான்.”

டீச்சர் பக்கங்களைப் புரட்டினார். கதாநாயகி சௌபாக்கியம் மாமியாரிடம் பேசுவதில்லை. ஏன் என்பதற்கு நாலு பக்கம். அந்தக் காரணத்துக்குக் காரணம், ஏழாம் வகுப்பில் நடந்தது, அதற்கு ஆறு பக்கம். நடுவில் ஒரு பெருமூச்சு. அதற்கும் விளக்கம் உண்டு.

“ஆழம்னா என்ன டீச்சர்? அதையாவது சொல்லுங்க.”

டீச்சர் உள்ளே போனார். பிள்ளையார் சதுர்த்திக்கு சிங்காரவேலுவின் மனைவி தையல்நாயகி கொழுக்கட்டை வைத்து அனுப்பிய சம்படத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“வீட்ல குடுத்துடுங்க. கதை இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வாங்க.”

பதில் வரும் என்று பார்த்தால் பாத்திரம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வீட்டில் தையல்நாயகி மூடியைத் திறந்தாள்.

“என்னங்க, வெறுஞ் சம்படம்!”

பலகாரம் வந்த பாத்திரத்தை யாராவது வெறுமையாகத் திருப்புவார்களா? ஒரு கை சர்க்கரை, ரெண்டு எலுமிச்சம்பழம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதுவும் டீச்சர்!

“பூரணத்துல இனிப்பு குறைஞ்சிடுச்சோ?”

“அதெல்லாம் இல்ல. அவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நாம போகல. மனசுல வச்சிருக்காங்க.”

“அந்தம்மா கோபம்னா மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவாங்க. இது வேற. வீட்ல சாமானே இல்லையோ என்னமோ. வெளிய சொல்ல மாட்டாங்க. அவங்கப்பா அப்படித்தான் வளர்த்திருப்பாரு.”

“அவங்கப்பாவை நீ பாத்திருக்கியா?”

“பாக்கணுமா என்ன?”

சோறு ஆறியது. டீச்சரின் அப்பா முதலில் கண்டிப்பானவர் ஆனார். பிறகு பாவப்பட்டவர் ஆனார். கடைசியில் தையல்நாயகி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிவரை யார் பொறுப்பது? மறுநாள் காலையிலேயே சிங்காரவேலு போய் நின்றார். கையில் ஒரு பை. உள்ளே அரிசி, துவரம்பருப்பு, வெல்லம்.

“எங்க மேல வருத்தமா டீச்சர்?” என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார்.

“எங்கப்பா வரைக்கும் போயாச்சா?”

“பாதிதான் நான். மீதி அவ.”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “உங்க சௌபாக்கியத்தைப் பத்தி வீட்ல என்ன பேசிக்கிட்டீங்க?”

“ஒண்ணும் பேசல. படிச்சிட்டு, ‘நல்லாயிருக்கு’ன்னு மாவாட்டப் போயிட்டா.”

“ஏன்?”

“பேச என்ன டீச்சர் இருக்கு? எல்லாத்தையும்தான் நானே எழுதி—”

டீச்சர் நாற்பது பக்கத்தையும் ஒரு பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார்.

பெற்ற பிள்ளையை அடிப்பதுபோல சிங்காரவேலு வரிவரியாக அடித்தார். ஏழாம் வகுப்பு போனது. பெருமூச்சின் விளக்கம் போனது. பெருமூச்சு மட்டும் நின்றது. சௌபாக்கியம் மாமியாரிடம் பேசவில்லை. ஏன் என்று ஒரு வரிகூட மிச்சமில்லை. திரும்பப் படித்தபோது, இவள் யாரோ எவளோ என்று அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

“கொண்டுபோய்க் குடுங்க. போடுவாரு” என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிங்காரவேலு தெருவரை போய்த் திரும்பி வந்தார். ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“அதெல்லாம் சரி டீச்சர். நிஜமாவே ஏன் வெறுமையா அனுப்பினீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா.”

நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.