நல்லமுத்துவின் முடக்கத்தான்

“அம்மா, நீங்க குடுத்த கீரைதான் என்னை எழுப்பி நடக்க வெச்சுது. இப்ப அதே கீரை என்னைப் படுக்க வெச்சிருச்சு” என்றார் நல்லமுத்து.

நல்லமுத்து கல்யாணச் சமையல்காரர். அறுபதைத் தாண்டியவர். ஒரு மாதத்துக்கு முன் மூட்டு வலியோடு கம்பை ஊன்றி, மலைமேல் தனியாக இருந்து வைத்தியம் பார்த்துவந்த மெய்யம்மையைத் தேடி வந்தார். மனைவி காமாயிக்கும் அதே வலி. அவளால் மலையேற முடியவில்லை. “மருந்து வாங்கிட்டு வந்துடறேன்” என்று அடிவாரத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததை மெய்யம்மையிடமும் சொன்னார்.

மெய்யம்மை அவரைவிட இருபது வயது இளையவர். வேலியில் தானாகப் படர்ந்திருந்த முடக்கத்தானைப் பறித்து, மூன்று நாள் ரசம் வைத்துக் கொடுத்தார்.

நல்லமுத்து கம்பைத் தூக்கி எறிந்தார்.

அப்படியே கிளம்பியிருக்கலாம். மனிதர் சொக்கிப்போனார். யாரும் தண்ணீர்கூட ஊற்றாத கொடிக்கே இவ்வளவு மகிமை என்றால், அதைப் பறித்துக் கொடுத்த கைக்கு எவ்வளவு இருக்கும்! மெய்யம்மையின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் அவர் பேச்சைக் கேட்டார். வேளை தவறாமல் முடக்கத்தான் தின்றார். ஒருவேளை தோசை, ஒருவேளை துவையல், ஒருவேளை கூட்டு. ஒரு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் பேதி ஆளைச் சாய்த்துவிட்டது.

“எத்தனை நாளைக்குச் சாப்பிடச் சொன்னேன்?” என்று கேட்டார் மெய்யம்மை.

“மூணு நாள்.”

“அப்புறம் ஏன்?”

“நீங்க குடுத்ததாச்சே. நிறுத்த மனசு வரலை.”

மெய்யம்மை சிரித்தார். “சாம்பார் நல்லா வந்திருக்குன்னு இன்னொரு கை உப்பு போடுவீங்களா?”

நல்லமுத்து தலையைச் சொறிந்தார்.

மெய்யம்மை மோர்சாதம் பிசைந்து கொடுத்தார். வயிறு அடங்கியது. தெம்பு வந்ததும் நல்லமுத்து பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

“இனிமே கீரையைத் தொட மாட்டேம்மா. நீங்க பேசுங்க, நான் கேட்டுட்டே இருக்கேன். அதுல ஒரு கெடுதலும் இல்லையே.”

மெய்யம்மை எழுந்து வேலிக்குப் போனார். மூன்று நாளைக்கு ஆகிற அளவு முடக்கத்தான் பறித்தார். துணியில் முடிந்து நல்லமுத்துவின் கையில் வைத்தார்.

நல்லமுத்து பதறினார். “ஐயோ, எனக்குத்தான் ஆகாதே.”

“உங்களுக்கு இல்லை. கீழே ஒருத்தங்க இதுல இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலை.”

நல்லமுத்து எழுந்து செருப்பைத் தேடினார்.