குமிழியின் பத்து மீன்

மருதங்காட்டு ஏரியில் குமிழி என்றொரு நீர்நாய் இருந்தாள். மடைக்குள் நீந்திப் போய், அங்கே அடைத்துக்கொள்ளும் பாசியையும் கொடியையும் அறுத்தெடுப்பது அவள் வேலை. மடை திறந்திருந்தால்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் போகும்.

அந்த ஏரி மீனெல்லாம் பொது. யாரும் தன்னிஷ்டத்துக்குப் பிடிக்கக் கூடாது. ஏரித் தலைவரான யானையார்தான் செய்கிற வேலைக்கு ஏற்ப நாள்தோறும் பங்கு கொடுப்பார். குமிழிக்குப் பத்து மீன். கரைக்காவல் பார்க்கும் அவள் கணவன் துடுப்பனுக்கும் பத்து.

குமிழி மூன்று குட்டிகளை ஈன்றாள். யானையார் மூன்று மாதம் பேறுகால விடுப்புக் கொடுத்தார். மூன்று மாதமும் மூன்று முக்குளிப்பாக ஓடிப்போயிற்று.

"நாளை மறுநாள் வேலைக்கு வரவேண்டுமாம்!" என்று தவளை வந்து சேதி சொல்லிவிட்டுத் தத்திப் போனது.

குட்டிகளை எங்கே விடுவது? தாழம்புதருக்குள் நாரையக்கா ஒரு பிள்ளைக் காப்பகம் நடத்தி வந்தாள். குமிழி அங்கே போய் விசாரித்தாள்.

"ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று மீன். மூன்று குட்டிக்கு ஒன்பது. வழுக்கிக்கொண்டு ஓடுகிற குட்டிகள், அதற்கு ஒன்று கூடுதல். ஆகப் பத்து!"

"பத்தா! அக்கா, என் கூலியே பத்துதானே!"

"நான் என்னடியம்மா செய்யட்டும்? இதுகள் பின்னால் ஓட எனக்கு நாலு வாத்து வேண்டும். அதுகளுக்கும் வயிறு இருக்கிறதே!"

நாரையக்காவின் குச்சிக் கால்களைப் பார்த்தால், அவள் தின்று கொழுக்கிறாள் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. குமிழி திரும்பி வந்தாள்.

"ஏங்க, காப்பகத்துக்குப் பத்து மீன் கேட்கிறாங்க!"

துடுப்பன் மீசையை நீவிக்கொண்டு கணக்குப் போட்டான். "உன் கூலி பத்து. காப்பகம் பத்து. மிச்சம் ஒன்றுமில்லை. பேசாமல் நீ வீட்டிலேயே இருந்துவிடு, குமிழி!"

"உங்க கூலியும் பத்துதானே? அதிலே கழித்தாலும் மிச்சம் ஒன்றுமில்லை. நீங்க வீட்டிலே இருங்களேன்!"

துடுப்பன் தண்ணீருக்குள் மூழ்கினான். வெகுநேரம் மேலே வரவேயில்லை.

மறுநாள் குமிழி மூன்று குட்டிகளையும் இழுத்துக்கொண்டு யானையாரிடம் போனாள்.

"ஐயா, காப்பகச் செலவில் ஒரு பகுதியை ஏரிப் பொதுப் பங்கிலிருந்து கொடுத்தால் நான் வேலைக்கு வந்துவிடுவேன்."

"நன்றாயிருக்கிறது!" என்று யானையார் காதை விசிறினார். "பிள்ளை வளர்ப்பது உன் வீட்டுப் பாடு. மடை திறப்பதுதான் ஏரிப் பாடு. உன்னால் முடியாவிட்டால் வேறு ஆளா கிடைக்காது?"

குமிழி வீட்டோடு இருந்தாள். குட்டிகள் முதுகில் ஏறிச் சறுக்கும்போது அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால் மடை இருக்கும் பக்கம் பார்க்கும்போதெல்லாம் பற்கள் துறுதுறுத்தன. கொடி அறுந்ததும் தண்ணீர் 'சளார்' என்று பாயுமே, அந்தச் சத்தத்துக்கு அவள் ஏங்கினாள். பத்து மீனில் ஐந்து பேர் சாப்பிட்டதால் வயிறும் ஏங்கியது.

யானையார் முதலில் எருமையை வேலைக்கு வைத்தார். எருமை மடைக்குள் தலையை விட்டது. கொம்பு மாட்டிக்கொண்டது. "ம்மா! இழுங்கள்!" என்று அது அலறியதில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. வாலைப் பிடித்து இழுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

அடுத்து ஏழு நண்டுகளை வைத்தார். அவை நாளைக்குப் பதினான்கு மீன் தின்றன. ஆனால் ஒன்று முன்னே போனால் இன்னொன்று பக்கவாட்டில் போயிற்று. பாசி அப்படியே இருந்தது. மடை அடைத்துக்கொண்டது.

பத்தே நாளில் கீழ்க்குளம் வற்றியது. அல்லி வாடியது. ஆமைகள் முதுகு வெடிக்கும் வெயிலில் கிடந்தன. அந்தக் குளத்தில்தான் யானையாரும் தினம் குளிப்பார். அவர் உடம்பெல்லாம் சேறு காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்தது.

அரிப்புத் தாங்காமல் யானையார் குமிழியின் வளைக்கே வந்து சேர்ந்தார்.

"குமிழி! உன்னால்தான் முடியும், வந்துவிடம்மா!"

"வருகிறேன் ஐயா. குட்டிகளை யார் பார்ப்பார்கள்?"

யானையார் முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டார். "நண்டுகளுக்குக் கொடுத்த பதினான்கு மீனும் வீண். அதற்கு உன் காப்பகத்துக்கே ஐந்து கொடுத்திருக்கலாம். கொடுத்துவிடுகிறேன். மீதி ஐந்து?"

குமிழி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவன் மூழ்கவில்லை. பத்து நாளாக அரை வயிறு உண்டவனாயிற்றே!

"என் கூலியிலிருந்து இரண்டரை, அவள் கூலியிலிருந்து இரண்டரை!" என்றான் துடுப்பன்.

"அரை மீனை எப்படி எண்ணுவது?" என்று யானையார் விழித்தார்.

"நடுவிலே கடித்துவிடுகிறேன், ஐயா!" என்றாள் குமிழி.

மறுநாள் காலை குமிழி குட்டிகளைக் காப்பகத்தில் விட்டாள். வாத்துகளைக் கண்டதும் மூன்றும் ஒரே ஓட்டமாக ஓடின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குமிழிக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் புதர் வாசலிலேயே நின்றாள்.

"போடியம்மா, போ! சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகத்தானே போகிறாய்!" என்று நாரையக்கா விரட்டினாள்.

குமிழி மடைக்குள் பாய்ந்தாள். நண்பகலுக்குள் கீழ்க்குளத்து ஆமைகள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. யானையார் தும்பிக்கை நிறையத் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, "ஆகா!" என்று கண்ணை மூடினார்.

தாயின் உழைப்பால் ஊரே வாழும்போது, அவள் பிள்ளையைக் காக்கும் செலவை அவள் ஒருத்தியின் தலையில் கட்டாமல் தந்தையும் ஊரும் பகிர்ந்துகொள்வதே நியாயம்.