நரி மெக்கானிக்கும் துருப்பிடித்த என்ஜினும்

அந்தக் கோடையில் காட்டுக் குட்டை வற்றிவிட்டது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் கலங்கல் தண்ணீர் மட்டும் மிச்சம். மானின் குட்டி தாகம் தாங்காமல் கால்களை மடக்கிப் படுத்துவிட்டது.

குட்டைக் கரையில் ஓர் ஆழமான பாழுங்கிணறு இருந்தது. அடியில் தண்ணீர் கிடந்தாலும் யாருக்கும் எட்டாது. எப்போதோ அங்கே வெள்ளாமை செய்தவர்கள் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜினையும் பம்பையும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். உடம்பெல்லாம் துரு. அதன்மேல் ஓணான்கள் வெயில் காய்ந்தன.

விலங்குகள் கூடிப் பேசின. காட்டுப்பன்றிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"குட்டைக்கு அடியில ஊத்து இருக்கு. மோந்து பார்த்துட்டேன். மேல்மண்ணுதான் பாறையா இறுகிக் கிடக்கு. தோண்டப் போய் என் கோரைப்பல்லே உடைஞ்சு போச்சு! அந்த என்ஜினைச் சுத்துற இரும்புக் கைப்பிடியைக் கழட்டிக் கொடுங்க. கடப்பாரை மாதிரி குத்தித் தோண்டிடலாம்!"

"ஐயையோ!" என்று அலறியது நரி. "கைப்பிடி போயிட்டா என்ஜினை எப்படிக் கிளப்புறது, பன்றியக்கா? நான் டவுன்ல ஒரு மெக்கானிக் கடை வாசல்ல ஆறு மாசம் படுத்துக் கிடந்தவன்! பத்தே நாள்ல இதை ஓட வச்சுக் காட்டுறேன். கிணத்துத் தண்ணி கொட்டு கொட்டுன்னு கொட்டும்!"

படுத்துக் கிடந்தது உண்மைதான். பக்கத்துக் கறிக்கடை எலும்புக்காகப் படுத்துக் கிடந்தது.

"டீசலுக்கு எங்கே போறது, நரியண்ணே?" என்று அணில் கேட்டது.

"பொடியா! இது தொழில் விஷயம். நீ போய்ப் பழம் கொறி!"

கரடிக்கு ஆசை வந்துவிட்டது. குழாயில் விழும் தண்ணீரில் முதுகைக் காட்டி நிற்பது போல அது இப்போதே கண்ணை மூடிக்கொண்டது. "முழு என்ஜினும் ஓடும்போது கைப்பிடியை மட்டும் ஏன் பிய்க்கணும்?" என்றது. மற்றவையும் தலையாட்டின. பன்றி உறுமிக்கொண்டே போய்விட்டது.

நரி வேலையை ஆரம்பித்தது.

"பம்பு வாயில முதல்ல தண்ணி ஊத்தணும். அப்பத்தான் அது கீழேயிருந்து இழுக்கும். தினம் ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தண்ணி கொண்டு வாங்க! ஆனா ஊத்தும்போது யாரும் பார்க்கக் கூடாது. இது கூச்ச சுபாவமுள்ள என்ஜின்!"

பம்பு வாயில் தண்ணீர் ஊற்றுவது தோட்டக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். காட்டு விலங்குகளும் அதைப் பார்த்திருந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லா விலங்குகளும் தங்கள் பங்கைக் குறைத்துக் குடுக்கையை நிரப்பின. பாவம் அந்த மான், தான் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கொடுத்தது.

நரி குடுக்கையோடு என்ஜினுக்குப் பின்னால் போகும். மடக் மடக்கென்று சத்தம் கேட்கும்.

"பம்பு எப்படிக் குடிக்குது கேட்டீங்களா!" என்று வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வரும்.

"எப்போ ஓடும்?" என்று கரடி கேட்கும்.

"நேத்து இருமுச்சு. இன்னைக்குத் தும்முச்சு. நாளைக்குப் பேசிடும்!"

ஏழு நாள் ஆயிற்று. காடே வாடியது. நரியின் ரோமம் மட்டும் பளபளத்தது. மான்குட்டியோ கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மான் ஓவென்று அழுதது.

அணிலுக்கு மனசு கேட்கவில்லை. நரி தூங்கும் நேரம் பார்த்துப் பம்பின் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு சிலந்தி, வலையின் நடுவில் சொகுசாகக் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"சிலந்தியக்கா! ஏழு நாளா இங்கே தண்ணி ஊத்துறாங்களே, நீங்க நனையலையா?"

"தண்ணியா? இங்கே தூசிதான் விழுது. பெருக்கி மாளலை!"

அணில் போட்ட சத்தத்தில் எல்லா விலங்குகளும் ஓடி வந்தன. நரியும் விழித்துக்கொண்டது. ஆனால் அசரவில்லை.

"அது... நேத்துக் கட்டின வலையா இருக்கும்!"

"நேத்தா?" சிலந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது என் மாமியார் கட்டின வீடுய்யா!"

கரடிக்கு வெட்கமாகிவிட்டது. என்ஜினிலிருந்து கைப்பிடியை ஒரே இழுப்பில் உருவியது. பன்றி இடத்தைக் காட்ட, குத்து குத்தென்று குத்தியது. பெயர்ந்த மண்ணை யார் அள்ளிக் கொட்டினார்கள் என்கிறீர்கள்? நரிதான்! பக்கத்தில் பன்றி நின்றதால் ஓடவும் முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊற்று கண் திறந்தது. முதல் வாய் மான்குட்டிக்குத்தான். அது குடித்தது, தும்மியது, தள்ளாடி எழுந்து நின்றது. மான் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

நரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. "எனக்கும் ஒரு வாய், பன்றியக்கா..."

"கடைசியில வா! அதுவரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு. குடிக்கும்போது யாராவது பார்த்தா எங்களுக்கும் கூச்சமா இருக்கும்!"

ஓடாத என்ஜினை ஓட வைப்பதாக அளப்பவனுக்குக் கையிலிருக்கும் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்த என்ஜினில் இன்றைக்கு உதவும் ஒரு துண்டைக் கழற்றி எடுத்து வேலையில் இறங்குவதே புத்திசாலித்தனம்.