எள் பொறுக்கிய கோழி

ஒரு காட்டில், காரைமுள் புதர் ஒன்றுக்குள் கோழிகள் கூட்டமாய் வாழ்ந்தன. முட்டையிடும் காலம் வந்தது. நரி ஒன்று தூரத்துப் பாறையில் நின்று கூவியது.

"தாய்மார்களே! ஓடைக்கரையில் உங்களுக்காகக் கரையான் புற்றுகளை உடைத்து வைத்திருக்கிறேன். கழுத்துவரை தின்னுங்கள்! உங்கள் குஞ்சுகள் மயில் உயரம் வளரும்!"

நரி அகன்ற நேரம் பார்த்துக் கோழிகள் ஓடின. நாள் தவறாமல் தின்றன. செம்பி என்ற கோழி மட்டும் நாலு கொத்தோடு திரும்பிவிடும். புல்லரிசி தின்னும். பிறகு காட்டோர வயலில் சிதறிய எள்ளைப் பொறுக்கும்.

"என்னடி இது, பஞ்சத்தில் அடிபட்டவள் மாதிரி!" என்று சிரித்தது பெரிய கோழி கொண்டையம்மா.

"புல்லரிசியில் இல்லாத சத்து எள்ளில் இருக்கிறது, அக்கா. கொஞ்சம் போதும்."

"கரையானை அள்ளித் தின்னேன்!"

"உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எச்சம். அதை வெளியேற்றத் தண்ணீர் குடித்தே நீங்கள் ஓய்கிறீர்கள். உங்கள் கூடுகளில் ஈரம், நாற்றம்!"

"வாய் நீளுதோ? உன் குஞ்சுகள் நோஞ்சானாய் வளர்ந்தால் அதுகளோடு புதரை விட்டு வெளியே போ!"

வெளியே பருந்து வட்டமிட்டது. செம்பி அதைப் பார்த்தது. ஆனாலும் கழுத்தை நிமிர்த்தியது.

"வளரட்டும். அப்புறம் அளந்து பாருங்கள்!"

குஞ்சுகள் பொரிந்தன, வளர்ந்தன. ஒருநாள் கொண்டையம்மா தன் குஞ்சுகளைச் செம்பியின் குஞ்சுகளோடு வரிசையாய் நிறுத்தியது. தலைகள் ஒரே மட்டம்! மறுபடியும் பார்த்தது. அதே மட்டம்.

"எங்கேயோ ஏமாற்றுகிறாய்!" என்று கொண்டையம்மா கத்தியபோது சருகு சரசரத்தது. இத்தனை நாளாய் எந்தப் புதர் என்று தெரியாமல் அலைந்த நரி, நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது!

"எல்லாரும் என் மூலைக்கு ஓடி வாருங்கள்!" என்றது செம்பி. முள் அடர்ந்த அந்த மூலை உலர்ந்து கிடந்தது. தாய்களும் குஞ்சுகளும் அங்கே ஒடுங்கின. நரியின் மூக்கு நாறும் கூடுகளையே சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாம் காலி.

"நான் ஊட்டி வளர்த்த கோழிகள் எங்கே?" என்று ஊளையிட்டது நரி.

"சத்தெல்லாம் முட்டையில் இறங்கிவிட்டது, நரியாரே! நாற்றம்தான் உமக்கு!" என்றது செம்பி, முள்ளுக்குள்ளிருந்து. நரி பாய்ந்தது. மூக்கில் முள் தைத்தது. அலறிக்கொண்டு ஓடியது.

கொண்டையம்மா மெல்லக் கேட்டது: "செம்பி, அந்த எள் எங்கே கிடக்கிறது?"

"காட்டுகிறேன், அக்கா. ஆனால் அதையும் கழுத்துவரை தின்னக் கூடாது!"

எது குறைகிறது என்று அறிந்து அதை மட்டும் சேர்த்துக்கொள்பவர், ஊரே சிரித்தாலும் தலை குனிய வேண்டியதில்லை.