வாலை மறைத்த கிலுக்கி

மழையை அதிகம் காணாத ஒரு முள்காட்டில் கிலுக்கி என்றொரு கிலுகிலுப்பைப் பாம்பு இருந்தாள். அவளுடைய அம்மா குன்றுப் பாம்பு, அப்பா மணல் பாம்பு. அதனால் குன்றுப் பாம்புகளைப் போல முதுகில் கட்டம் கட்டமாகப் புள்ளிகளும், மணல் பாம்புகளைப் போல வாலில் கறுப்பு வளையங்களும் அவளுக்கு இருந்தன. தன்னைப் போல இன்னொரு பாம்பை அவள் பார்த்ததே இல்லை.

குளிர்காலம் நெருங்கியது. பாம்புகளெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பொந்துகளுக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும் காலம் அது. வெளியே தனியாகக் கிடந்தால் விறைத்துச் சாக வேண்டியதுதான், குழந்தைகளே!

கிலுக்கி முதலில் மணல் பாம்புகளிடம் போனாள்.

"முதுகைப் பார், முதுகை! நீ குன்றுக்காரி. அங்கேயே போ!" என்று அவை விரட்டின.

'குன்றிலே வாலைப் பார்த்து விரட்டுவார்கள்' என்று நினைத்தாள் கிலுக்கி. வழியில் இருந்த செஞ்சேற்றில் வாலைப் புரட்டி, வெயிலில் காயவைத்தாள். வளையங்கள் மறைந்தன.

குன்றுப் பொந்தின் வாசலில் நெடுவாலன் என்ற தலைவர் காவல் இருந்தார்.

"நம் முதுகுதான். உள்ளே வா, பெண்ணே" என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வாலை ஆட்டினால் சேறு உதிர்ந்துவிடுமே! மற்றவை கலகலவென்று வாலை ஆட்டிச் சிரித்துப் பேசியபோது, கிலுக்கி மட்டும் வாலை வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டு ஓரமாகக் கிடந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை.

ஒரு நாள் மாலை, வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஓர் இளம் பாம்பு வந்து நின்றான். கிலுக்கி எட்டிப் பார்த்தாள். முதுகில் கட்டங்கள்! வாலில் வளையங்கள்!

"அம்மா குன்று, அப்பா மணல். என்னைப் போல இங்கே வேறு யாருமே இல்லையா?" என்று கேட்டான் அவன்.

நெடுவாலன் உள்ளே திரும்பினார். "இப்படி ஒரு பாம்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

எல்லாரும் தலையாட்டி மறுத்தார்கள். நெடுவாலன் கிலுக்கியைப் பார்த்தார்.

"இல்லை, நான் பார்த்ததே இல்லை" என்றாள் அவள்.

"அப்படியானால் உனக்கு இங்கே இடமில்லை" என்றார் நெடுவாலன். இளம் பாம்பு திரும்பிப் போனான். அவன் வாலின் கிலுகிலு ஓசை சரிவில் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

குளிர்காலம் முடிந்தது. பாம்புகள் சட்டை உரித்தன. கிலுக்கியின் சேறும் சட்டையோடு கழன்று விழுந்தது. நெடுவாலன் அவள் வாலைப் பார்த்துவிட்டார். கிலுக்கி வாலை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"வளையமா? குளிர் முழுவதும் எங்களோடுதானே கிடந்தாய், இருந்துவிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அவர் வெயில் காயப் போய்விட்டார்.

கிலுக்கி இருக்கவில்லை. சரிவில் இறங்கி, ஒவ்வொரு பாறை இடுக்கிலும் அந்த இளம் பாம்பைத் தேடினாள். வாலை ஓங்கி ஆட்டினாள். நின்று கேட்டாள். மறுபடியும் ஆட்டினாள்.

பதில் வரவே இல்லை.

நீதி: உன்னை மறைத்துக்கொள்வதற்காக உன்னைப் போன்ற ஒருவரைக் கைவிடாதே, பிறகு தேடினாலும் கிடைக்கமாட்டார்.